வெளியுறவுக் கொள்கையில் மத சுதந்திரம்: உண்மையில் யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

கேள்வி: பொருநைக்கரை மாணவி

திருநெல்வேலியில் முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு விவாதம் இருக்கிறது. ஒரு நாடு தன் வெளியுறவுக் கொள்கையில் மத சுதந்திரத்துக்கு இடம் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. ‘வேண்டும்’ என்று பேசும் அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கே நம்பிக்கை குறைகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1998 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதன்படி அவர்களுடைய வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் மற்ற நாடுகளைப் பற்றி அறிக்கை கொடுக்கிறது. தனியாக ஓர் ஆணையமும் இருக்கிறது. நிலைமை மிக மோசமான நாடுகளைத் தனிக் கவனத்துக்குரியவை என்று அறிவிக்கிறார்கள். 2020 முதல் அந்த ஆணையம் இந்தியாவையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வருகிறது. வெளியுறவுத் துறை சேர்க்கவில்லை. நம் வெளியுறவு அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆணையத்தின் அறிக்கையை ஒருதலைப்பட்சமானது என்று நிராகரிக்கிறது. இதே சட்டத்தைக் காட்டித்தான் 2005இல் குஜராத் முதல்வராக இருந்த மோடிக்கு விசா மறுத்தார்கள். 2014இல் அவர் பிரதமரானதும் வெள்ளை மாளிகையே அழைத்தது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு தோழன் கேட்டான்: “இவ்வளவு அறிக்கையால எங்கேயாவது ஒரு ஆள் நிம்மதியா சாமி கும்பிட்டிருக்கானா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வெளிநாடுகள் அழுத்தம் கொடுத்ததால் சாதாரண மக்களின் வழிபாட்டிலோ சடங்கிலோ ஏதாவது மாறியதைப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். புத்தகப் பட்டியல் கையில் இருக்கிறது, அது வேண்டாம்.

பதில் 1: குமரிக்காரன்

மகளே, நான் உன் எதிரணிப் பக்கம். சவூதியில் தம்மாமில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். அங்கே கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஒருவர் அறையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் கூடுவோம். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பாட்டை வாய்க்குள்ளேயே பாடி, செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு ஜெபம் நடக்கும். வாசலில் செருப்பு நிறையக் கிடந்தால் பக்கத்து அறைக்காரனுக்குத் தெரிந்துவிடும்.

2004 செப்டம்பரில் அமெரிக்கா சவூதியை அந்தப் பட்டியலில் சேர்த்தது. எங்களில் ஒருவர் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினார், எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் என்ன? தேசிய நலன் என்று சொல்லி, எடுக்க வேண்டிய நடவடிக்கைக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தது, தண்டனை இல்லை. எண்ணெய் போய்க்கொண்டிருந்தது, ஆயுதம் வந்துகொண்டிருந்தது. எங்கள் போர்வை ஜன்னலிலேயே தொங்கியது.

சீனா 1999 முதல் பட்டியலில் இருக்கிறது. தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் கருவிகளை விற்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு தடை இருந்தது. அதையே மத சுதந்திரத்துக்கான தண்டனையாகவும் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இதை எப்படி நம்புவது? உன் தோழன் கேட்டது சரியான கேள்விதான்.

பதில் 2: வாழைச்சேனை ஆசிரியை

தங்கச்சி, உங்கள் தோழனின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

என் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, 2021 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கொரோனாவில் மௌத்தானார். அவருக்குக் கபர் இல்லை, புதைக்க விடவில்லை. எரித்துவிட்டார்கள். சரியாக எட்டு வாரம் கழித்து, மார்ச் 5, அதுவும் வெள்ளிக்கிழமை, கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களை முதன்முதலாக அடக்கம் செய்தார்கள். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. ஓட்டமாவடி, மஜ்மா நகர். இந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கும் நடுவில் நோயும் மாறவில்லை, மருத்துவமும் மாறவில்லை. மாறியது வெளியுறவுதான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். 2020 மார்ச் கடைசி வரை சுகாதார அமைச்சின் வழிகாட்டலிலேயே அடக்கம் செய்ய இடம் இருந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி வர்த்தமானி (அரசிதழ்) வெளியிட்டு, கொவிட்டில் இறந்த எல்லோரையும் தகனம்தான் செய்ய வேண்டும் என்றார்கள். நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதே என்று சொல்லியிருந்தது. எங்கள் நாட்டு மருத்துவ சங்கமே பிறகு அதைச் சொன்னது. கேட்கவில்லை.

நாட்டுக்குள் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டினோம். பாராளுமன்றத்தில் பேசினார்கள். உயர் நீதிமன்றத்துக்கு (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் சேர்ந்து போனார்கள். டிசம்பர் 1ஆம் தேதி மனுக்கள் விசாரணைக்கே எடுக்கப்படாமல் பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளுபடியாயின, காரணமும் சொல்லப்படவில்லை. அதே மாதம் பிறந்து இருபது நாளேயான ஒரு பிள்ளையை எரித்தார்கள். அதன் பிறகுதான் பொரளை கனத்தை மயானத்து வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. சிங்களவர்களும் பாதிரிமாரும் கட்டினார்கள். இரவோடு இரவாக அந்தத் துணிகளை அகற்றிவிட்டார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்கே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மச்சானுக்கு அழைப்பு வந்தபோது லுஹருக்கு வாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போடவில்லை. அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன, நம் கையால் சம்மதம் கொடுக்கக் கூடாது என்று. போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கப்போவது ஒன்றுதான் என்று அங்கே சொன்னார்களாம். குளிப்பாட்டவில்லை, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிடவில்லை. முப்பது அடி தள்ளி நின்று மச்சான் கலிமா சொன்னார். நாங்கள் இங்கே வீட்டு முற்றத்தில், இறந்தவர் உடல் முன்னால் இல்லாதபோது தொழும் காயிப் ஜனாஸா தொழுதோம். எங்கள் மார்க்கத்தில் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்குவது ஊர் முழுவதன் மீதும் உள்ள கடமை. யாராவது செய்துவிட்டால் எல்லோரும் நிறைவேற்றியதாக ஆகிவிடும். யாருமே செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். உம்மா அன்றிரவு திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்லி அழுதார்: “ஊருக்கே கடனாப் போச்சே.”

உம்மா ஹஜ்ஜுக்குப் போனபோது தனக்கென்று ஒரு கபன் துணி வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். அலுமாரியில் பத்திரமாக இருந்தது. மறுநாள் காலை அதிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து எங்கள் வாசல் படலையில் கட்டினார்.

இனி வெளியுறவுக்கு வருகிறேன். தேதிகளைக் கவனியுங்கள்.

பெப்ரவரி 10, பாராளுமன்றத்தில் பிரதமர் மகிந்த ராஜபக்ச அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்றார். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் உடனே அதை வரவேற்றுப் பதிவிட்டார். அவர் இலங்கைக்கு வருவதாக இருந்தது. மறுநாளே பேச்சு மாறிவிட்டது: நிபுணர் குழுதான் முடிவு செய்யுமாம். பெப்ரவரி 22, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46ஆவது கூட்டத்தொடர் தொடங்கியது. இலங்கை மீது தீர்மானம் வரவிருந்தது. பேரவையில் 47 நாடுகள், அவற்றில் முஸ்லிம் நாடுகளும் பல. கட்டாயத் தகனத்தை இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு கண்டித்திருந்தது. மனித உரிமை ஆணையாளரின் அறிக்கையிலும் அது இடம்பெற்றிருந்தது. பெப்ரவரி 23, இம்ரான் கான் கொழும்பில் இறங்கினார். அன்றைக்கே காலிமுகத்திடல் பக்கம் எங்கள் ஆட்கள் ஜனாஸா கொண்டுபோகும் சந்தூக்கை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 24ஆம் தேதி அவர் திரும்பினார். 25ஆம் தேதி இரவு வர்த்தமானி: அடக்கம் செய்யலாம்.

நிபுணர் குழு சொன்னதால்தான் என்று அரசாங்கம் சொல்லும். பத்து மாதமாக நிலத்தடி நீரைக் கெடுத்த கிருமி அந்த ஒரு வாரத்தில் எப்படி மனம் மாறியது என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை. குமரிக்கார அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை, அவர் பட்டது அவருக்குத் தெரியும். என் கண்முன்னால் நடந்ததையும் மறுக்க முடியாது. நாட்டுக்குள் பத்து மாதம் கெஞ்சியும் கிடைக்காதது, வெளியே இருந்த நாடுகளின் தயவு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட வாரத்தில் கிடைத்தது. அதற்குப் பிறகு மௌத்தானவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். மஜ்மா நகரில் மட்டும் 3,600க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எரிக்க விரும்பாத பௌத்தர்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அறிக்கையால் ஒரு ஆளுக்காவது பலன் உண்டா என்று கேட்ட பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பொய் சொன்னது போலாகிவிடும்.

முதலாவது, எங்களுக்காகக் குரல் கொடுத்த பாகிஸ்தானில் அஹ்மதியா பிரிவினரின் நிலை என்ன? 1974இல் அரசியலமைப்பைத் திருத்தி அவர்கள் முஸ்லிம்களே இல்லை என்றார்கள். 1984இல் அவர்கள் தங்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்று சொல்வதையே குற்றமாக்கினார்கள். அவர்களை அடக்கிய இடங்கள்கூடச் சேதப்படுத்தப்படுகின்றன. என் மாமாவுக்குக் கபர் கேட்ட நாட்டில் இன்னொருவரின் கபர் உடைகிறது. எனக்கு நன்றி இருக்கிறது. அந்த நன்றிக்காக இதைப் பேசாமல் விட என்னால் முடியாது.

இரண்டாவது, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. மார்ச் 23, ஜெனீவாவில் வாக்கெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக 22, எதிராக 11, ஒதுங்கியவை 14. பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கை அரசாங்கத்தின் பக்கம் நின்று எதிர்த்து வாக்களித்தன. அந்தத் தீர்மானம் எதைப் பற்றியது? போரில் நடந்தவற்றுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாப்பது. தமிழ்த் தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டது. எங்கள் கபர் குழியும் அவர்களுடைய நீதியும் ஒரே தராசில் வைக்கப்பட்டனவா? பேரம் நடந்ததற்கு என்னிடம் காகிதம் இல்லை, தேதிகள் மட்டுமே இருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த விலையைக் கொடுக்கச் சொல்லவில்லை. எங்களைக் கேட்டிருந்தால் இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்போம்.

மூன்றாவது, அனுமதி கொடுத்த பிறகு எங்கே அடக்குவது என்று முதலில் சொன்னார்கள் தெரியுமா? இரணைதீவு. பல வருடம் இடம்பெயர்ந்து கிடந்து அப்போதுதான் வீடு திரும்பிய தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு. நாங்கள் கேட்டது எங்கள் ஊர் மையவாடியில், அதாவது அடக்கும் இடத்தில், ஆறடி நிலம். ஊருக்கு ஊர் மையவாடி இருக்கிறது. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் மௌத்தானவர்களையும் ராணுவக் காவலோடு வெகு தூரம் கொண்டுவந்துதான் இங்கே அடக்கினார்கள். 2022 மார்ச் வரை அதுதான் நிலை.

ஆகவே தங்கச்சி, விவாதத்தில் ‘வேண்டும்’ என்றே பேசுங்கள். வெளிநாடுகள் நல்லெண்ணத்தால் செய்கின்றன என்று மட்டும் பேசாதீர்கள், ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள். வெளியே இருப்பவர் தன் தேவைக்காகத்தான் பேசுவார். அவர் பேசும் நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக, எழுத்தில், இடத்தின் பெயர் வரைக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும். நாங்கள் “அடக்க விடுங்கள்” என்று மட்டும் கேட்டோம். “எங்கள் ஊரிலேயே அடக்க விடுங்கள், இன்னொருவர் நிலத்தைத் தராதீர்கள், இன்னொருவர் நீதியைக் குறைக்காதீர்கள்” என்று சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அப்போது எண்ணிக்கையும் சொன்னார்கள். அந்த 276இல் எங்கள் மாமா ஒருவர்.

பதில் 3: முழங்காவில் பொடியன்

ஆசிரியை அக்கா, நான் இரணைதீவு ஆள். அம்மா அப்பா அந்தத் தீவில் பிறந்தவர்கள், நான் இங்கே கரையில் இரணைமாதா நகரில் பிறந்தவன். 1992இல் எங்கள் ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். அதற்குப் பிறகு தீவு கடற்படையிடம் இருந்தது. ஒரு வருடம் கரையில் குந்தியிருந்து போராடி, 2018 ஏப்ரலில் நாங்களே வள்ளங்களில் ஏறிப் போய் இறங்கினோம். மாதா கோயிலில் முட்டுக்கால் போட்டு எல்லோரும் அழுதது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருடம்கூட ஆகவில்லை, உங்கள் ஆட்களைப் புதைக்க எங்கள் தீவு என்று செய்தியில் கேட்டோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ச் 3ஆம் தேதி ஃபாதர்மாரோடு இறங்குதுறையில் நின்றோம். அன்றைக்கே எங்களுக்குள் பேசிக்கொண்டது இதுதான்: முஸ்லிம் சனத்தைப் புதைக்க வேண்டாம் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அவர்களுக்கு அவர்களுடைய ஊரிலேயே இடம் கொடு என்று கேட்க வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எப்படி அனுப்பப்பட்டார்கள் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வெட்கம் அவர்களுக்கு உண்டு.

ஜெனீவாக் கதையில் இன்னொன்று. என் பெரியம்மா கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் நடக்கும் போராட்டத்தில் இருந்தவர். அண்ணாவைத் தேடுகிறார். வாக்கெடுப்பு நடந்த இரவு, எதிர்த்து வாக்களித்த நாடுகளின் பெயரை நான் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தச் சனத்துக்குப் புதைக்க விட்டிட்டாங்களா?” ஓம் என்றேன். “அதாவது நடந்ததே” என்றார். நீங்கள் தூங்காமல் இருக்க வேண்டாம் அக்கா.

பதில் 4: பழைய சுங்கத்துறைக்காரர்

இலங்கையிலிருந்து எழுதிய இருவரையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சென்னைத் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். வணிகச் சலுகையை வைத்து மனித உரிமை கேட்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது சோவியத் யூதர்களின் விவகாரம். மாணவிக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

1972 ஆகஸ்டில் மாஸ்கோ ஓர் ஆணை போட்டது. நாட்டை விட்டுக் குடிபெயர்பவர்கள் தங்கள் படிப்புக்கு அரசு செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடி விழுந்தது பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போக விண்ணப்பித்த யூதர்கள் மேல். அப்போது அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸிஞ்சரும் சோவியத்தோடு வணிக ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செனட்டர் ஹென்றி ஜாக்சனும், கீழவையில் சார்லஸ் வானிக்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். குடிமக்கள் வெளியேறுவதைத் தடுக்கும் கம்யூனிஸ்ட் நாட்டுக்குச் சாதாரண வணிகச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம். சத்தம் போடாமல் பேசித்தான் காரியம் ஆகும் என்று கிஸிஞ்சர் எதிர்த்தார். மாஸ்கோவுக்குள் இருந்தே இயற்பியலாளர் சகாரோவ் 1973 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரசுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, திருத்தத்தை நிறைவேற்றுங்கள் என்றார். அந்தத் தைரியத்தை இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1975 ஜனவரி 3, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். சில நாட்களிலேயே சோவியத் ஒப்பந்தமே வேண்டாம் என்றது. 1973இல் சுமார் 35,000 யூதர்கள் வெளியேறியிருந்தார்கள். 1975இல் அது சுமார் 13,000. ஆக, கிஸிஞ்சர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் 1979இல் 51,000 பேர் போனார்கள். அமெரிக்காவிடம் மாஸ்கோ ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தை எதிர்பார்த்த வருடம் அது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பிறகு உறவு கெட்டது. 1984இல் ஆயிரம் பேர்கூட இல்லை. கதவு திறப்பதும் மூடுவதும் அரசுகளின் தேவையைப் பொறுத்துத்தான் நடந்தது. ஆசிரியை சொன்ன பெப்ரவரி மாதக் கதையும் இதுவே.

சத்தமில்லாமல் நடந்ததற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். 1978 ஜூன் 27, சைபீரியாவின் செர்னோகோர்ஸ்க் ஊரிலிருந்து வந்த பெந்தெகோஸ்தே கிறிஸ்தவர்கள் ஏழு பேர் காவலர்களைத் தாண்டி மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடினார்கள். கூட வந்த ஒரு பதினேழு வயதுப் பையனைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் உண்ணாவிரதத்தால் உடல்நலம் கெட்டு 1982இல் வெளியேறினார், மற்ற ஆறு பேரும் தூதரகத்தின் அடித்தள அறையில் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். வெளியே வந்தால் கைது என்ற பயம். 1983 பெப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் தூதர் தொப்ரினினை நேரில் சந்தித்தபோது இவர்களை விடுங்கள் என்றார். விட்டால் அதைச் சொல்லிப் பெருமை பேச மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். அந்தக் கோடையில் குடும்பங்கள் வெளியேறின. ரீகன் வாக்கைக் காப்பாற்றினார். எந்தப் பட்டியலும் இல்லை, எந்தத் தடையும் இல்லை.

எப்போது சத்தம், எப்போது மௌனம் என்பதற்கு எனக்கு விதி எதுவும் தெரியாது. ஏழு பேரின் பெயரும் ஊரும் தெரிந்து ஒருவர் மேசையில் போய் உட்கார்ந்ததற்கும், ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது. தம்மாமில் போர்வை கட்டிய ஜன்னலைப் பற்றி யாரும் யார் மேசையிலும் போய்ச் சொல்லவில்லை. குமரிக்கார ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை மாணவி

எல்லோருக்கும் நன்றி. குமரிக்காரர் அங்கிள், உங்கள் ஜன்னல் போர்வையையும் வகுப்பில் சொல்லப்போகிறேன், எதிரணி சொல்வதற்கு முன்னால் நானே. ஆசிரியை அக்கா, உங்கள் மாமாவின் கதையைச் சொல்ல அனுமதி உண்டா? இன்னொன்றும் கேட்க ஆசை, தப்பாக நினைக்காதீர்கள். உம்மா பிறகு அந்த மஜ்மா நகருக்குப் போனார்களா?

பதில் 5: வாழைச்சேனை ஆசிரியை

தாராளமாகச் சொல்லுங்கள். மாமாவின் தொழில், கொழும்பில் எந்தப் பகுதி என்பதெல்லாம் வேண்டாம். வர்த்தமானி 25ஆம் தேதி இரவு, இம்ரான் கான் போனது 24. இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாதமே அதில்தான் நிற்கிறது. அப்புறம், ‘பிணம்’ என்று சொல்லாமல் ‘ஜனாஸா’ என்று சொன்னால் எங்கள் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

முழங்காவில் தம்பி, உங்கள் பெரியம்மா கேட்டதை நான் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணாவின் பெயரை மட்டும் கேட்டார். துஆவில் சேர்த்துக்கொள்ளத்தான். இங்கே எழுத வேண்டாம், விருப்பமிருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

உம்மா போனார். முதல் வருடம் வெளியாட்களை உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸும் முன்னால் ராணுவ ஜீப்பும் போகும் சத்தம் ரோட்டில் கேட்டால், உம்மா படலைக்கு வந்து நின்று அது மறையும் வரை ஓதுவார். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கூட்டிப் போனேன். வெட்ட வெளி, செம்மண், கபர்கள் வரிசை வரிசையாக இருந்தன. எங்கள் ஆள் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் உம்மா கொழும்பு ஆட்கள் எந்தப் பக்கம் என்று அங்கே நின்றவரிடம் கேட்டார். அவர் கைகாட்டிய வரிசையில் ஒரு கபரடியில் உட்கார்ந்து யாஸீன் ஓதினார். தூரத்து ஊர்க்காரர்கள், அடிக்கடி வர வசதி இருக்காது என்றார். இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். உம்மா போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோய், தான் முதல்நாள் உட்கார்ந்த கபரின் தலைமாட்டில் நட்ட செடிக்கு ஊற்றுகிறார்.